வனிகனி: படிக்காத நாள்களையும் கணக்கில் வைத்து ஒரு மதிப்புரை

கான்ஜி, அதாவது ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகள், கற்றுத்தரும் எந்தத் தளமும் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். காய்ச்சலில் நாலு நாள் படுத்தெழுந்து அதைத் திறக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். கேள்விகள் இருநூறுக்கு மேல் குவிந்து நிற்கும், பாதி எழுத்து மறந்திருக்கும். படிப்பைக் கைவிடுகிறவர்களில் பலர் கைவிடுவது அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தான். இந்த மதிப்புரை வனிகனியை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறது.

அறியாதவர்களுக்கு: டோஃபுகு நிறுவனம் நடத்தும் இணையதளம் இது. ஜப்பானிய மொழியில் வனி முதலை. கனி நம்மூர்ப் பழம் அல்ல, நண்டு. மொத்தம் 60 லெவல். சுமார் 2,000 கான்ஜி, அவற்றைக் கொண்டு அமைந்த 6,000க்கும் மேற்பட்ட சொற்கள். ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருப்பதால், முடித்தவர் நாளிதழ் படிக்கும் தூரத்துக்கு வந்துவிடுவார். முதலில் எழுத்தின் உறுப்புகள், பிறகு அந்த உறுப்புகள் சேர்ந்த கான்ஜி, பிறகு அந்தக் கான்ஜி வரும் சொற்கள் என்று வரிசை. ஒரு லெவலின் கான்ஜிகளில் 90 சதவீதம் 'குரு' படியைத் தொட்டால் அடுத்த லெவல் திறக்கும்.

படிகள் எப்படி நகர்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. புதிதாகப் படித்தது 4 மணி நேரம் கழித்து ஒருமுறை கேட்கப்படும். அப்புறம் 8 மணி நேரம், ஒரு நாள், இரண்டு நாள். இந்த நான்கும் 'அப்ரென்டிஸ்'. தாண்டினால் குரு. அங்கே ஒரு வாரம், இரண்டு வாரம். அடுத்து 'மாஸ்டர்', ஒரு மாதம். அடுத்து 'என்லைட்டன்ட்', நான்கு மாதம். அதிலும் சரியாகச் சொன்னால் 'பர்ன்ட்', இனி கேட்காது. தப்பே இல்லாமல் போனாலும் ஒரு சொல் கரை சேர ஏறக்குறைய ஆறு மாதம்.

இதிலிருந்து இரண்டு கணக்கு போடலாம். ஒவ்வொன்றும் குறைந்தது எட்டு முறை கேட்கப்படுகிறது. ஆகவே தினம் 10 புதியவை எடுத்தால், ஆறு மாதத்துக்குப் பிறகு நாள் ஒன்றுக்கு 80 ரிவ்யூ, அதாவது படித்ததை மறுபடி கேட்பது, நிலையாக வரும். தப்புகளையும் சேர்த்தால் 100. பொருள் ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்று இரண்டு கேள்வி என்பதால், 100 ரிவ்யூ என்பது 200 முறை தட்டச்சு. கை பழகியவருக்கு இருபது நிமிடம். தினம் 20 புதியவை எடுக்கலாமே என்று முதல் மாதத்தில் எல்லாருக்கும் ஆசை வரும். அந்தக் கடனுக்கான வட்டி நான்காம் மாதத்தில்தான் தெரியும்.

இரண்டாவது கணக்கு, விட்டுப்போன நாள்களுக்கு. ஐந்து நாள் தொடாவிட்டால் ஐந்தெண்பது 400 குவியும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. பதில் சொல்லாத சொல் நகராமல் அதே இடத்தில் நிற்கும், ஒருமுறைதான் வரிசையில் சேரும். தினம் 10 வீதம் நிலையாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு அப்ரென்டிஸில் சுமார் 35 இருக்கும், அது முழுதும் வந்து நிற்கும். மேலே உள்ள நான்கு படிகளிலிருந்து தலா 50. ஆக 235 அளவு, அதாவது மூன்று நாள் வேலை. பத்து நாள் விட்டால் 400, ஒரு மாதம் விட்டால் 850 பக்கம். எண் பெரிதுதான், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

அந்த 235ஐயும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து முடிப்பதுதான் பெரிய தவறு. ஒரே நாளில் முடித்தவை ஒரே நாளில் திரும்பி வரும். குருவின் முதல் படிக்கு ஏறியவை அடுத்த ஞாயிறு மொத்தமாக வந்து நிற்கும், இரண்டாம் படிக்கு ஏறியவை அதற்கடுத்த ஞாயிறு. இந்த அலை அடங்க மாதக்கணக்கு ஆகும். தினம் 80, மூன்று நாள் என்று பிரித்துக்கொண்டால் திரும்பி வருவதும் பிரிந்தே வரும். அதுவரை புதிய லெசன் பூஜ்யம். வரிசை காலியாகி, அப்ரென்டிஸ் 50க்குக் கீழே இறங்கிய பிறகு தினம் 5 என்று ஆரம்பிக்கலாம். சாதாரண நாள்களிலும் அப்ரென்டிஸ் எண்ணிக்கை 100ஐத் தாண்டினால் புதியதை நிறுத்திவிடுவது நல்லது. முகப்பில் பார்க்க வேண்டிய எண் லெவல் அல்ல, இதுதான்.

விடுப்புக்கென்றே 'வெக்கேஷன் மோட்' இருக்கிறது. அமைப்புகளில் அதை இயக்கினால் எல்லாக் கடிகாரங்களும் நின்றுவிடும். அணைத்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஊருக்குப் போகிறோம், தேர்வு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அருமையான வசதி. ஆனால் உடம்பு சரியில்லாமல் போவது முன்கூட்டித் தெரிவதில்லை, கடந்த நாள்களுக்குப் பின்தேதியிட்டு இதை இயக்கவும் முடியாது. கடிகாரம் நின்றாலும் மறதி நிற்பதில்லை. மூன்று வாரம் இதில் வைத்துவிட்டு வந்தால் எண் அழகாக இருக்கும், விடைகள் தப்பும். சந்தாவும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

'ரீசெட்' இன்னொரு வழி. குறிப்பிட்ட லெவலுக்குப் பின்னோக்கிப் போனால், அந்த லெவலும் அதற்கு மேலே உள்ளவையும் அழிந்து புதிதாகத் தொடங்கும். திரும்பப் பெற முடியாது. மனம் சோர்ந்த நேரத்தில் முதல் லெவலுக்கே போய்விடலாம் என்று தோன்றும், வேண்டாம். நீண்ட இடைவெளியில் உதிர்வது பெரும்பாலும் கடைசியாகப் படித்த மூன்று நான்கு லெவல்கள்தான். முதலில் ஒரு 50 ரிவ்யூ செய்து, தப்பு எந்த லெவலிலிருந்து அடர்த்தியாகிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் இறங்கினால் போதும். இதற்கு ரிவ்யூ வரிசையைக் 'கீழ் லெவல் முதலில்' என்று மாற்றிக்கொள்வது உதவும்.

தப்பு செய்தால் எவ்வளவு கீழே விழும் என்பதற்கும் கணக்கு உண்டு. குருவிலோ அதற்கு மேலேயோ உள்ள ஒன்றில் ஒருமுறையோ இரண்டு முறையோ தவறினால் இரண்டு படி இறக்கம். மூன்று நான்கு முறை தவறினால் நான்கு படி. நான்கு மாதக் காத்திருப்பில் இருந்த சொல்லுக்கு அவசரத்தில் மூன்று முறை தப்பாகத் தட்டினால் அது அப்ரென்டிஸுக்கே வந்துவிடும். எனவே முதல் தப்பிலேயே கையை எடுத்துவிட்டு, விளக்கப் பகுதியைத் திறந்து படித்துவிட்டுத் தொடர வேண்டும். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் 'ராப் அப்' பொத்தானை அழுத்துங்கள். கையிலிருக்கும் பத்தை மட்டும் கேட்டு முடித்துவிடும். அப்படியே தாவலை மூடினால், பொருள் சொல்லி உச்சரிப்பு சொல்லாத சொற்கள் பதிவாகாது.

தெரிந்தும் தப்பாகும் இடம் ஒன்று இருக்கிறது. உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டினால் அது ஹிரகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்தாக மாறும். 'கின்-என்' என்றால் புகைபிடிக்கத் தடை. நடுவில் ஆங்கில n எழுத்தை ஒருமுறை மட்டும் தட்டினால் அது அடுத்த உயிரோடு ஒட்டி 'கினென்' ஆகிவிடும். அது வேறு சொல், நினைவு கொண்டாடுவது. அந்த n எழுத்தை இரண்டு முறை தட்ட வேண்டும். கான்ஜிக்கு இருக்கும் இருவகை உச்சரிப்பில் (சீன வழி, ஜப்பானிய வழி) மற்றதைத் தட்டினால் பெட்டி ஆடிக் காட்டுமே தவிரத் தப்பாக எண்ணாது. மேலே சொன்ன விஷயத்தில் அந்தக் கருணை கிடையாது.

நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். நெடில் குறில், ஒற்று எல்லாம் நமக்குக் காதிலேயே விழுந்துவிடும், அது பெரிய வசதி. ஆனால் பள்ளிக்கான சொல்லையும் தோற்றத்துக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கக்கோ'தான். முதல் ஒலி 'கடல்' என்பதன் 'க'வா, 'தங்கம்' என்பதன் 'க'வா என்பது தமிழ் வரிவடிவத்தில் காணாமல் போய்விடும். ஹிரகானாவிலேயே எழுதுங்கள்.

பொருளும் உச்சரிப்பும் மறக்காமலிருக்க வனிகனி தரும் நினைவுக் கதைகள் இதன் பலமும் பலவீனமும். 'கோ' என்று வந்தால் நிறுவனர் கோய்ச்சி, 'ஷோ' என்று வந்தால் ஷோகன் (பழைய ஜப்பானின் படைத்தலைவர்) என்று ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பல கதைகள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எழுதியவை, நமக்கு ஒட்டாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே சொந்தக் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால்தான் காசுக்குப் பலன். ஓர் உதாரணம். வலப்பக்கம் கோயில் என்ற உறுப்பு வரும் குடும்பம் ஒன்று உண்டு. இடப்பக்கம் கை வந்தால் 'வைத்திரு', சூரியன் வந்தால் 'நேரம்', ஆள் வந்தால் 'சாமுராய்', நடை வந்தால் 'காத்திரு', மாடு வந்தால் 'சிறப்பு', பேச்சு வந்தால் 'கவிதை'. முதல் மூன்றுக்கும் 'ஜி' என்ற உச்சரிப்பு; கவிதைக்கு 'ஷி', சிறப்புக்கு 'தொகு', காத்திருக்க 'தய்'. கோயில் வாசலில் தாய் காத்திருக்கிறாள் என்று எழுதி வைத்தால் 'தய்' போகவே போகாது. இதில் அதிகம் குழம்புவது சாமுராயும் காத்திருப்பும்: ஆள் உறுப்புக்கு மேலே ஒரு சாய்கோடு, நடை உறுப்புக்கு இரண்டு. ஒரு கோடு கூடினால் சாமுராய் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். இப்படி மாறிமாறித் தப்பாகும் இரண்டைத் தனித்தனியாக நூறு முறை பார்த்தாலும் சரியாகாது. பக்கம் பக்கமாக வைத்து ஐந்து முறை கையால் எழுதினால் சரியாகிவிடும்.

ஆனால் எழுதுவதை வனிகனி கற்றுத்தராது. கோட்டு வரிசைப் பயிற்சி இதில் இல்லை. கணக்கு நோட்டில் நான்கு கட்டத்தைச் சேர்த்து ஒரு கட்டமாக்கி, அன்றைக்குத் தவறிய எழுத்துகளில் ஐந்தை மட்டும் எழுதுவது போதுமான துணை. உறுப்புகளின் பெயர்களும் இவர்கள் சொந்தமாக வைத்தவை. ஆள் உறுப்புக்கு 'லீடர்', நடைக்கு 'லாய்ட்டர்' என்கிறார்கள். ஜப்பானிய ஆசிரியரிடம் 'நின்பென்', 'க்யோனின்பென்' என்றுதான் சொல்ல வேண்டும், எனவே அந்தப் பெயர்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுடைய முக்கியமான குறை வேறு. இந்தப் படிகள் விறைப்பானவை. ஒரு வாரத்தில் கேட்க வேண்டிய சொல்லை ஐந்து வாரம் கழித்துக் கேட்டு, அப்போதும் சரியாகச் சொன்னால், அது மனதில் ஊன்றிவிட்டது என்று பொருள். வனிகனி அதைக் கண்டுகொள்ளாது. வழக்கம்போல இரண்டு வாரம்தான் தள்ளும். ஆன்கி என்ற நினைவட்டைச் செயலியில் இப்போதுள்ள எஃப்எஸ்ஆர்எஸ் என்ற இடைவெளிக் கணக்கு முறை அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்து இடைவெளியை நீட்டிவிடும். விட்டு விட்டுப் படிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஆன்கி இலவசம். அட்டைகளில் பொருளைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். வனிகனியில் பொருள் முழுக்க ஆங்கிலம். ஆனால் ஆன்கியில் அட்டை செய்வது, வரிசை அமைப்பது எல்லாம் நம் தலையில் விழும், அந்த வேலையே பலருக்குத் தடங்கல்.

தேர்வுக்காக வாங்குவதென்றால் யோசிக்க வேண்டும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பின் மூலம் ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) எழுதுகிறவர்கள் ஜூலை, டிசம்பர் என்று தேதி குறித்துப் படிப்பார்கள். வனிகனியின் வரிசை அந்தத் தேர்வைப் பார்த்து அமைந்ததல்ல, எழுத்தின் எளிமையைப் பார்த்து அமைந்தது. 'தொழில்' என்னும் பொருள் தரும் எழுத்து மூன்றே கோடு என்பதால் முதல் லெவலிலேயே வந்துவிடும், அன்றாடம் வேண்டிய சில எழுத்துகள் பின்னால் வரும். தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறதென்றால் இது உதவாது.

நேரம் அமைப்பது பற்றி ஒரு வார்த்தை. புதிய லெசனைக் காலை 7 மணிக்கு எடுத்தால் முதல் ரிவ்யூ 11க்கு, அடுத்தது மாலை 7க்கு. அலுவலகம் போகிறவருக்கும் ஒத்துவரும். இரவு 11க்கு எடுத்தால் முதல் கேள்வி அதிகாலை 3 மணிக்கு வரும், விழித்துப் பார்ப்பதற்குள் பாதி மறந்திருக்கும். நான்கு மாதச் சொல் ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. நான்கு மணி நேரச் சொல் நான்கு மணி நேரம் தாமதமானால் இடைவெளி இரட்டிப்பு. எனவே நேரம் குறைவான நாளில் அண்மையில் படித்தவற்றின் ரிவ்யூவுக்கே முதலிடம். ஐபோனில் 'ட்சுருகமே' என்ற வெளியார் செயலியில் ரிவ்யூவைப் படிவாரியாக வரிசைப்படுத்தலாம். இணையம் இல்லாத ரயிலிலும் ஓடும்.

விலை மாதம் 9 டாலர், ஆண்டுக்கு 89, வாழ்நாளுக்கு 299. தங்குதடையின்றிப் போகிறவர் இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடித்துவிடுவார், அவருக்கு ஆண்டுச் சந்தாவே லாபம். வாழ்நாள் தொகை நான்காம் ஆண்டும் தேவைப்பட்டால்தான் மிச்சம். நடுநடுவே நிற்கும் என்று தெரிந்தவர்கள் அதையே எடுக்கலாம், மாதம் ஓடுகிறதே என்ற பதற்றமாவது இருக்காது.

முதல் மூன்று லெவல் இலவசம். ஆனால் முதல் இரண்டில் இடைவெளிகள் குறைவு (2 மணி, 4 மணி என்று தொடங்கும்), உண்மையான நடை தெரியாது. மூன்றாவது லெவலின் நடுவில், வேண்டுமென்றே மூன்று நாள் தொடாமல் விடுங்கள். நான்காம் நாள் காலை திறந்து, வந்து நிற்பதில் எத்தனை சரியாகச் சொல்கிறீர்கள், எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்ட அட்டையை எடுங்கள்.