கை உயர்த்துவோரிடம் கேட்பதா, இருவராக யோசிக்க விடுவதா?

ஆசிரியர் கேள்வி கேட்டதும் கை உயர்த்தும் மாணவரை எழுப்பிப் பதில் பெறுவது நெடுநாள் பழகிய முறை. அதில் பாடம் தடையின்றி நகர்கிறது, முன்பு நடத்தியதை விரைவாக நினைவூட்டவும் அது போதும். ஆனால் அதே நான்கைந்து கைகளே நாள்தோறும் உயர்வதையும், பின்வரிசை மாணவர் ஆசிரியரின் பார்வை தம்மீது விழாதபடி குனிந்து நோட்டைப் புரட்டுவதையும் அத்தகைய வகுப்பில் காணலாம்.

அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981-இல் முன்வைத்த முறையில், ஒவ்வொருவரும் முதலில் தனியே யோசித்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பார்த்து, அதன் பின்னரே வகுப்பின் முன் சொல்கிறார்கள். நேரம் கூடுதலாகும், இரைச்சலும் எழும். ஆயினும், தவறான விடை தோழரின் காதோடு நின்று அங்கேயே திருந்திவிடுவதால், கேலிக்கு அஞ்சி வாய் திறவாத பிள்ளையும் பேசத் துணிகிறது. என் பார்வையில் இதைவிடப் பெரிய ஆதாயம் வேறில்லை.

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ 1 விநாடியே காத்திருந்ததையும், அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் விரிவடைந்ததையும் கண்டார். கை உயர்த்தும் முறையை விட மனமில்லாதவர்கள் இந்தக் காத்திருப்பையாவது கடைப்பிடிக்கலாம். சூத்திரத்தை ஒப்பிக்கும் கேள்விக்கு இருவர் உரையாடல் வீண். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளுக்கே அதை ஒதுக்க வேண்டும்.