யுரேனைலுக்கு ஒரு முறை, தோரியம் ஆக்சைடுக்கு வேறு முறை: சார்பியல் கணக்கீடுகள், ஓர் அலசல்

யுரேனியத்தின் 1எஸ் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. சார்பியலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பிணைப்பு நீளத்திலேயே பிசகு தொடங்கிவிடும். இன்று பெரும்பாலும் கையாளப்படும் வழிகள் மூன்று: ஈசிபி (உள் எலக்ட்ரான்களுக்குப் பதில் ஒரு தயார்ச் சார்பை வைப்பது), எக்ஸ்2சி (நான்கு கூறுகளை இரண்டாகச் சுருக்குவது), எலக்ட்ரானுக்கான சார்பியல் சமன்பாடான டிராக் சமன்பாட்டை முழுதாகத் தீர்க்கும் நான்கு கூறு முறை. நான்கு கூறுதான் அசல், மற்றவை சமரசம் என்ற பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் தேடும் விடை அணுக்கருவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீரில் கரைந்த யுரேனைல் அயனியை (UO₂²⁺) எடுத்துக்கொள்வோம். சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளையும் சேர்த்தாக வேண்டும் என்பதால் செலவு முக்கியம். ஈசிபி உள் எலக்ட்ரான்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றின் விளைவை முன்பே தயாரித்த ஒரு சார்பாக வைத்துவிடுகிறது. ஸ்டுட்கார்ட் ஈசிபியில் யுரேனியத்தின் 92 எலக்ட்ரான்களில் 60 உள்ளே போய்விடும், 32 மிஞ்சும். 78-ஐ உள்ளே தள்ளி 14-ஐ மட்டும் வைக்கும் பெரிய உள்ளகமும் உண்டு. அதைத் தொடாதீர்கள். 5எஸ், 5பி, 5டி எலக்ட்ரான்கள் 5எஃப் இருக்கும் இடத்திலேயே பரவிக் கிடக்கின்றன. அவற்றை உறைய வைத்தால் அதிர்வெண்ணும் பிணைப்பு ஆற்றலும் கெடும். சிறிய உள்ளகமோ எல்லா எலக்ட்ரான்களையும் வைத்துச் செய்த கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

எந்த முறை என்பதைவிட ஸ்பின்–ஆர்பிட் இணைப்பை, அதாவது எலக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பதை, சேர்த்தோமா என்பது பல நேரங்களில் பெரிய கேள்வி. யுரேனைலில் 5எஃப் காலி. தரை நிலையின் அமைப்புக்கு இந்த இணைப்பு இல்லாமலும் சமாளிக்கலாம். அயோடினில் முடியாது. தனி அயோடின் அணுவில் இந்த இணைப்பு பிரித்துவைக்கும் இரு நிலைகளுக்கு இடையே 0.94 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளி. இதனால் தரை நிலை சராசரியிலிருந்து 0.31 கீழே இறங்குகிறது, இரண்டு அணுக்களுக்கு 0.63. மூலக்கூறில் இதில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைக்கும். மொத்தப் பிணைப்பு ஆற்றலே சுமார் 1.54 எனும்போது இதை ஒதுக்கவே முடியாது.

இங்கே என் தேர்வு இரண்டு கூறு எக்ஸ்2சி. டிராக் சமன்பாட்டின் நேர் ஆற்றல் பகுதியை அணிகளின் வழியே பிரித்தெடுத்துவிட்டு, மீதிக் கணக்கை நான்கு கூறைவிடக் குறைந்த செலவில் முடிக்கிறது. அதே சமன்பாட்டைத் தோராயமாகச் சுருக்கும் பழைய ஸோரா, டிகேஹெச் முறைகளை இனிப் புதிதாகத் தொடங்குபவர் நாடத் தேவையில்லை.

நான்கு கூறு தன் செலவுக்கு நியாயம் சொல்வது தோரியம் ஆக்சைடில். எலக்ட்ரானுக்கு மின் இருமுனைத் திருப்புத்திறன் (மின்னூட்டம் சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருப்பது) உண்டா என்று தேடும் ஏக்மி சோதனை இந்த மூலக்கூறைத்தான் பயன்படுத்துகிறது. சோதனை அளப்பது அதிர்வெண் மாற்றத்தை மட்டுமே. அதைத் திருப்புத்திறனாக மாற்ற எலக்ட்ரான் உணரும் பயனுறு மின்புலம் தெரிய வேண்டும். அதைக் கணக்கிட்டுத்தான் பெற முடியும். சென்டிமீட்டருக்குச் சுமார் 78 கிகாவோல்ட் என்ற அந்த எண் தோரியம் அணுக்கருவின் ஓரத்தில் உருவாவது. ஈசிபியில் அந்த இடத்தின் அலைச்சார்பு மழுங்கியிருக்கும். ரஷ்யாவின் காட்சினா குழு அதைப் பின்னால் மீட்டெடுக்கும் இரண்டு படி முறையைக் கையாண்டது. அந்த விடையும் நான்கு கூறு விடையும் நெருங்கி வந்தன. திருப்புத்திறனுக்கு ஏக்மி 2018-இல் அறிவித்த 1.1×10⁻²⁹ எலக்ட்ரான் மின்னூட்டம்·செ.மீ. என்ற மேல் வரம்பு இந்தக் கணக்கீடுகளை நம்பித்தான் நிற்கிறது.