செர்ரி வேர்ச்செடி: விதையா, குச்சியா, திசு வளர்ப்பா?

திசு வளர்ப்பு என்றதும் நமக்கு ஜி-9 வாழைதான் நினைவுக்கு வரும். அங்கே ஆய்வகக் குப்பியில் வளர்ந்த கன்றே தோட்டத்தில் குலை தள்ளும். செர்ரியில் அப்படியில்லை. பெரும்பாலும் அடியில் நின்று வேராக உதவும் வேர்ச்செடியை மட்டும் ஆய்வகத்தில் பெருக்கி, பிங், ஸ்டெல்லா போன்ற பழ ரகத்தை அதன்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். இனிப்புச் செர்ரியைச் சொந்த வேரிலேயே விட்டால் மரம் ஓங்கிப் போகும், காய்ப்பும் தள்ளிப்போகும். அதனால் வேர்ச்செடியை எந்த வழியில் பெறுவது என்பதுதான் கேள்வி.

விதை வழி மலிவு. இமாச்சலில் பாஜா என்னும் காட்டுச் செர்ரியின் விதைக் கன்றில் ஒட்டுக் கட்டுவது பழைய வழக்கம். விதையை ஈர மணலில் புதைத்து மூன்று நான்கு மாதம் குளிரில் வைத்தால்தான் முளைக்கும். ஆழமாக வேர் விடும், வறட்சியைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு விதம். ஒரே வரிசையில் ஒரு மரம் நெடுநெடுவென்று நிற்கும், பக்கத்து மரம் சவலையாக இருக்கும். விதை என்றால் நோய் வராது என்ற நம்பிக்கையும் செர்ரியில் செல்லாது. மரத்தைக் குட்டையாக்கும் ப்ரூன் ட்வார்ஃப் வைரஸ் விதை, மகரந்தம் இரண்டின் மூலமும் பரவும்.

கிளைக் குச்சியை வெட்டி நட்டு வேர் விடச் செய்யும் குச்சி வழிக்கு நல்ல உதாரணம், இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தந்த கோல்ட் என்னும் வேர்ச்செடி. அது குச்சியிலேயே எளிதாக வேர் பிடிக்கும், எல்லாக் கன்றும் ஒரே மாதிரி இருக்கும். இதற்கும் ஆய்வகம் தேடுவது வீண் செலவு என்பது என் எண்ணம். நோயற்ற தாய்ச்செடியை உருவாக்கும் முதல் கட்டத்துக்கு மட்டும் ஆய்வகம் போதும். கோல்ட்டுக்கு வறட்சி ஆகாது, மரத்தையும் ஓரளவுதான் குட்டையாக்கும்.

திசு வளர்ப்பு தன் பெருமையைக் காட்டுவது ஜெர்மனியின் கீசனில் உருவான கிசெலா 5 போன்ற கலப்பின வேர்ச்செடிகளில். விதையால் இதைப் பெருக்க முடியாது. முற்றிய குச்சியும் சரியாக வேர் விடாது. ஆய்வகத்திலோ நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு தளிரைப் பல தளிராக்கிக்கொண்டே போகலாம், பருவம் பார்க்க வேண்டியதில்லை. தளிர் கிளைக்க பி.ஏ.பி., வேர் விட ஐ.பி.ஏ. என்று ஹார்மோனை மாற்றுவார்கள். பி.ஏ.பி. கூடிவிட்டால் இலைகள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தடித்து நொறுங்கும். அந்தத் தளிர் மண்ணுக்கு வந்தால் பிழைக்காது.

அடுத்த கண்டம், குப்பியிலிருந்து வெளியே எடுக்கும்போது. ஈரம் நிறைந்த குப்பிக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகளும் சரியாக மூடாது. திறந்த காற்றில் வைத்தால் ஒரே மதியத்தில் துவண்டுவிடும். நுண்ணிய நீர்த்துளி தூவும் பனிப்புகைக் கூடத்தில் வைத்து, ஈரத்தை நாளுக்கு நாள் குறைத்துப் பழக்க வேண்டும். கன்றின் விலை ஏறுவதற்கு இந்தக் கட்டத்துச் சேதமும் ஒரு காரணம்.

திசு வளர்ப்புக் கன்று என்றாலே வைரஸ் இல்லாதது என்று விற்பவர்கள் உண்டு. அது தவறு. தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால், கணு மொட்டை எடுத்துப் பெருக்கும்போது நோயும் ஆயிரக்கணக்கில் பெருகும். செடியை 37 டிகிரி அளவு வெப்பத்தில் சில வாரம் வைத்து, நுனியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்திசுவை மட்டும் வெட்டி எடுத்து வளர்த்து, பிறகு சோதித்தும் பார்த்தால்தான் சுத்தம் என்று சொல்ல முடியும்.

மழையை மட்டும் நம்பிய சரிவு நிலத்தில் இன்றும் விதைக் கன்றுக்கே என் ஓட்டு. கிசெலா 5 மரத்தைப் பாதியளவுக்குக் குட்டையாக்கி, மூன்றாம் ஆண்டிலேயே காய்ப்புக்குக் கொண்டுவரும். ஆனால் தண்ணீரும் உரமும் கவாத்தும் குறைந்தால் அளவுக்கு மீறிக் காய் பிடித்து, பழம் சிறுத்துவிடும். சொட்டுநீரும் வளமான மண்ணும் உள்ளவர்கள் அதைத் திசு வளர்ப்புக் கன்றாகவே வாங்கட்டும். வாங்கும்போது வேர்ச்செடியின் தாய்க்கும், ஒட்டுக்குச்சி எடுத்த மரத்துக்கும் தனித்தனியே வைரஸ் சோதனைச் சான்று கேளுங்கள். சுத்தமான வேர்மீது நோயுள்ள குச்சியைக் கட்டினால் கொடுத்த பணம் வீண்.