மண்ணுக்குள் ஒரு காற்றுக் குழாய்: ஆறு கோடைகளுக்குப் பிறகு

கொலுசுப் பட்டறையில் மின்விசிறி போட முடியாது. கண்ணிகளைச் சுடரில் உருக்கிப் பற்ற வைக்கும்போது சுடர் ஆடினால் ஒரு கண்ணி உருகிவிடும், அடுத்தது ஒட்டாமல் நிற்கும். சேலம் சிவதாபுரத்தின் ஏப்ரல் வெயிலில், தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த அவதி புரியும். அது தாங்காமல்தான் 2019-இல் கொல்லையைத் தோண்டினேன்.

முறை எளிது. பத்தடி ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும்; சேலத்துக்கு ஏறக்குறைய 28 டிகிரி. அந்த ஆழத்தில் ஆறு அங்குல பிவிசி குழாயை நூறடி நீளத்துக்குப் புதைத்து, ஒரு முனையில் வெளிக்காற்றை இழுத்து, மறுமுனையைப் பட்டறைக்குள் திறந்துவிட்டேன். இழுப்பதற்கு 60 வாட் விசிறி ஒன்று. புவிவெப்பம் என்றால் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு வெந்நீர் ஊற்றுகள் நினைவுக்கு வரும். நம் கிழட்டுப் பாறை நிலத்தில் கைக்கெட்டுவது மேல்மண்ணின் இந்த நிதானம்தான்.

இது ஏசி அல்ல. வெளியே 39 டிகிரி இருந்தால் குழாய்வாயில் 31. மாலைக்குள் குழாயைச் சுற்றியுள்ள மண்ணும் சூடேறி, 33-ஐத் தொட்டுவிடும். மூன்றாம் கோடையில் குழாய்க்கு மேலே வாழை வைத்து, குளியலறைத் தண்ணீரை அங்கே திருப்பினேன். ஈரமண் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் இப்போது மாலையிலும் 32-ஐத் தாண்டுவதில்லை. வாழைக்காய் தனி வரவு!

நான் எதிர்பாராத நன்மை புகை குறைந்தது. உள்ளே வரும் புதுக்காற்று, பற்றவைப்புப் புகையை ஜன்னல் வழியே தள்ளிவிடுகிறது. கதவடைத்து ஏசி போட்டிருந்தால் அது நடந்திருக்காது. ஒன்பது மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது.

சங்கடங்களையும் மறைக்கக் கூடாது. ஏழடியிலேயே பாறை தட்டியது. ஜேசிபி வாடகை, உடைக்கும் கூலி என்று குழாயின் விலையைவிடப் பள்ளத்தின் விலை ஏறிவிட்டது. கொத்தனார் குழாயைச் சரிவில்லாமல் மட்டமாகப் போட்டுவிட்டார். ஐப்பசி மழையில் உள்ளே நீர் கோத்து, பட்டறை முழுவதும் பழைய கிணற்று நாற்றம். மறுபடி தோண்டி, அடிமுனையில் வடிகுழி வைத்த பிறகுதான் சரியானது. வெளிமுனையில் எலி வலை அவசியம். ஏன் என்று விவரிக்க விரும்பவில்லை. அடைமழை மாதங்களில் விசிறியை நிறுத்திவிடுகிறேன்.

ஏற்காட்டில் இருக்கும் மைத்துனர் தனக்கும் வேண்டும் என்றார். அங்கே குளிர்விக்க என்ன இருக்கிறது? மார்கழி இரவில் உள்ளே வரும் காற்றைச் சற்று வெதுவெதுப்பாக்க வேண்டுமானால் உதவும் என்றேன்.

குழாயும் விசிறியும் எந்த ஊரிலும் கிடைக்கின்றன, இடம்தான் கிடைப்பதில்லை. அடுத்த தெருப் பட்டறைக்காரரிடம் மிஞ்சியிருப்பது முன்வாசல் மட்டும். அதற்கு அடுத்த மாதம் கான்கிரீட் போடுவதாக இருந்தார். தை வரை தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். மழை ஓய்ந்து மண் இறுகினால்தான் பள்ளம் சரியாமல் நிற்கும்.