மூலிகை சீரம்னு குடுத்தாங்க, ஸ்டிக்கர உரிச்சா மினாக்சிடில் 10%ங்கிற முடி வளக்குற மருந்து – நீலகிரி ஆளுங்க தயவுசெஞ்சு படிங்க

நான் குன்னூர்ல டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன், 17 வருஷமா மேட்டுப்பாளையம் ரோட்ல ஏறி இறங்குறவன். எனக்கு நடந்தத அப்படியே எழுதுறேன், ஏன்னா எங்க ஸ்டாண்டுல இருந்தே இன்னும் ரெண்டு பேர் அதே இடத்துக்குப் போயிட்டு இருந்தாங்க.

உச்சந்தலைல முடி கொட்ட ஆரம்பிச்சுதுன்னு ஊட்டில ஒரு முடி கிளினிக்குக்கு போனேன். பேரு போடல, கன்ஸ்யூமர் கோர்ட்ல மனு குடுத்திருக்கேன், அது முடியட்டும். வெள்ளக் கோட்டு போட்ட ஒருத்தங்க கேமராவ வச்சு தலைய பாத்துட்டு ஆறு மாச பேக்கேஜ் 24,000 ரூபான்னாங்க. "இது மருந்தே இல்லீங்கண்ணா, சுத்த மூலிகை, சைடு எஃபெக்ட் எதுவும் வராது"ன்னு சொன்னாங்க. பிரஷர் இருக்கா, நெஞ்சு வலி வந்திருக்கா, மாத்திரை எதாச்சும் சாப்பிடுறீங்களா, ஒரு கேள்வி கூட கேக்கல. பச்சை ஸ்டிக்கர் ஒட்டுன ஒரு பாட்டில் சீரம் குடுத்தாங்க, அத தலைல காலைல ரெண்டு டிராப்பர் ராத்திரி ரெண்டு டிராப்பர் போடணுமாம், அதுக்கு முன்னாடி ஊசி ஊசியா இருக்குற ரோலர தலைல உருட்டணுமாம், லேசா ரத்தம் கசிஞ்சாலும் பரவால்ல அப்பதான் நல்லா உள்ள இறங்கும்னாங்க. எனக்கு ஏற்கனவே பொடுகு, சொறிஞ்சு சொறிஞ்சு அங்கங்க புண்ணு வேற, அதையும் பாத்துட்டுதான் சொன்னாங்க.

அது டிசம்பர் மாசம். காலைல அஞ்சு மணி சவாரின்னா அந்தக் குளிர்ல சீரத்த தேய்ச்சுட்டு ஈரம் காயறதுக்குள்ள உல்லன் குல்லாவ மாட்டிட்டு கிளம்பிருவேன். இதுவும் எவ்ளோ பெரிய தப்புன்னு அப்ப தெரியாது.

மூணாவது வாரத்துல இருந்து படபடப்பு. ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுத்தா நெஞ்சு அடிக்கிற சத்தம் தலகாணில கேக்கும். பர்லியார்ல டீ குடிக்க வண்டிய விட்டு இறங்குனா ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிட்டு வரும். ஷூ இறுக்க ஆரம்பிச்சுது, காலைல எந்திரிச்சா கண் ரப்பை வீங்கி இருக்கும், ஒரே மாசத்துல 3 கிலோ ஏறிட்டேன். கிளினிக்குக்கு போன் பண்ணா "மலைல இருக்கீங்கல்ல அண்ணா, ஆக்சிஜன் கம்மி, குளிருக்கு அப்படித்தான் படபடக்கும், நிறுத்தாதீங்க, நிறுத்துனா இருக்குற முடியும் போயிரும்"னு பதில். நான் பொறந்து வளந்ததே இந்த மலைலதான். கீழ இருந்து வர்றவங்களுக்கு மூச்சு வாங்கும், சரி, எனக்கு 41 வயசு வரைக்கும் வாங்காத மூச்சு திடீர்னு ஏன் வாங்கணும்? இத நான் அப்பவே கேட்டிருக்கணும், கேக்கல.

அப்புறம் ஒரு நாள் கீழ இருந்து ஆறு பேர ஏத்திட்டு வரேன், அதுல ரெண்டு சின்னக் குழந்தைங்க, ஒரு கொண்டை ஊசி வளைவுல திருப்பும்போது தலை சுத்தி ஸ்டீயரிங்கே கையில இல்லாத மாதிரி ஆயிருச்சு. எப்படியோ ஓரம் கட்டிட்டேன். அத நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

டாக்டர்கிட்ட போனேன். ஈசிஜி எடுத்தாங்க, துடிப்பு 118, மத்தபடி ஒண்ணும் இல்ல. தைராய்டு நார்மல், இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோவும் நார்மல். "என்ன மருந்து சாப்பிடுறீங்க"ன்னு கேட்டாரு, எதும் இல்ல சார்னு சொல்லிட்டேன். பொய் இல்லீங்க, தலைல தேய்க்கிறது மருந்துன்னு எனக்கு தோணவே இல்ல. ரெண்டாவது தடவ போனப்ப என் வீட்டுக்காரிதான் "தலைக்குப் போடுற அந்த தண்ணி மட்டும்தான் சார் புதுசு"ன்னா. பாட்டில எடுத்துட்டு வரச் சொன்னாரு. பச்சை ஸ்டிக்கரோட ஓரம் கொஞ்சம் தூக்கிட்டு இருந்துச்சு, நகத்தால உரிச்சாரு, கீழ ஒரிஜினல் லேபிள், மினாக்சிடில் 10%.

அவரு பேப்பர்ல எழுதிக் காட்டினாரு. இது மொதல்ல ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையா வந்த மருந்து, அமெரிக்காவுல 1979ல அனுமதி. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி வளந்ததப் பாத்துதான் தலைக்கு பூசுற திரவமா மாத்துனாங்க, அது 1988ல வந்துச்சு. ரத்தக் குழாய விரிக்கும், பிரஷர் இறங்கும், அத ஈடு கட்ட இதயம் வேகமா அடிக்கும், உப்பும் தண்ணியும் உடம்புல தங்கி வீங்கும். ஆம்பளைங்களுக்கு வழக்கமான அளவு 5% ஒரு மில்லி ரெண்டு வேளை, அதாவது ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம், அதுல சராசரியா 1.4% தான் ரத்தத்துல சேரும். நான் போட்டது 10%, ஒரு டிராப்பர் ஒரு மில்லி, வேளைக்கு ரெண்டு மில்லி, ரெண்டு வேளைக்கு 400 மில்லிகிராம். சராசரிக் கணக்குலயே 5 மில்லிகிராமுக்கு மேல போகுது, பிரஷர் பேஷண்டுக்கு மாத்திரைய ஆரம்பிக்கிற டோஸே 5 தானாம். அதுக்கு மேல புண்ணு, ஊசி ரோலர், குல்லா போட்டு மூடுனது, எல்லாமே இன்னும் உள்ள இழுக்கும்.

அன்னிக்கே நிறுத்திட்டேன். ரத்தத்துல சேந்தது பெரும்பாலும் நாலு நாள்ல வெளிய போயிரும்னாரு, எனக்கு அஞ்சாவது நாள் நிம்மதியா தூக்கம் வந்துச்சு, வீக்கம் வடிய ரெண்டு வாரம் ஆச்சு.

மினாக்சிடிலே விஷம்னு நான் சொல்லல. எத்தனையோ பேர் சரியான அளவுல போட்டு ஒண்ணும் ஆகாம இருக்காங்க, எனக்குப் பாத்த டாக்டரும் அததான் சொன்னாரு. என் ஆத்திரம், மருந்த மூலிகைன்னு சொல்லி பேர மறைச்சு குடுத்ததுக்கு. பேரு தெரிஞ்சிருந்தா மொத நாளே டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேன்ல? ஹார்ட் பிரச்சன இருக்குறவங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர கேக்காம இத தொடாதீங்க, கர்ப்பமா இருக்குறவங்க, பால் குடுக்குறவங்க போடவே கூடாது. போட்டுட்டு இருக்கும்போது படபடப்பு, மயக்கம், கை கால் வீக்கம், காரணமில்லாம வெயிட் ஏறுறது வந்தா நிறுத்திட்டு டாக்டர பாருங்க. நெஞ்சு வலின்னா காத்திருக்காதீங்க, 108க்கு அடிங்க. ஆஸ்பத்திரிக்கு போனா தலைக்குப் போடுறதையும் சொல்லுங்க.

கிளினிக்ல பணத்த திருப்பித் தர முடியாது, பேக்கேஜ்ல சைன் போட்டிருக்கீங்கன்னுட்டாங்க. 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, மருந்தோட பாதிப்ப சொல்ல 1800-180-3024, ரெண்டுலயும் பதிஞ்சேன். ஸ்டாண்டுல அந்த ரெண்டு பேர்கிட்டயும் பாட்டில வாங்கி ஸ்டிக்கர உரிச்சுப் பாத்தோம், அதே லேபிள். மூணு பாட்டிலும் பில்லும் இப்ப என் பீரோலதான் இருக்கு.