ஜெண்டர் ஸ்டடீஸ் ஆனர்ஸ் முடிச்சாச்சு, 5-க்கு 3.5 ஸ்டார்

ஜெண்டர் ஸ்டடீஸ், அதான் ஆண்-பெண் பாலினம் பத்தின படிப்பு, எப்படி இருந்துச்சுன்னு வாட்ஸாப்ல கேக்குற ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட வத்திப்போச்சு, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். எந்த யூனிவர்சிட்டின்னு பேர் போடல, கீழ கொஞ்சம் திட்டப்போறேன், அதான். நான் திருநெல்வேலிப் பொண்ணு, தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்துக்கு வாக்கப்பட்டு வந்து 12 வருஷம் ஆச்சு. மாமியார் வீட்ல யாருக்கும் தமிழ் படிக்க வராது, அந்த தைரியத்துலதான் இவ்ளோ எழுதுறேன்.

இங்க டிகிரி 3 வருஷம், அதுக்கு மேல ஆனர்ஸ்னு தனியா 1 வருஷம். நான் வேலைக்குப் போய்க்கிட்டே 2 வருஷமா இழுத்து முடிச்சேன். கிளாஸ்ல 14 பேர், பாதிக்கு மேல ஜூலு (இந்த ஊர் கருப்பின மக்கள்) பொண்ணுங்க, ஒரே ஒரு பையன். அவன் பாவம், எந்த கேள்வி வந்தாலும் "ஆம்பளைங்க சார்பா நீ சொல்லு"ன்னு எல்லாரும் அவனையே பாப்பாங்க.

முதல் செமஸ்டர் முழுக்க தியரி. வாரத்துக்கு 60 பக்கம், அதுல பாதி வாக்கியம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியாது. ஒண்ணு மட்டும் பச்சக்னு ஒட்டிக்கிச்சு. கிம்பர்லே கிரென்ஷான்னு அமெரிக்க சட்டப் பேராசிரியை, 1989-ல இன்டர்செக்ஷனாலிட்டின்னு (ஒருத்தர் மேலயே ரெண்டு மூணு பாகுபாடு சேந்து விழுறது) ஒரு வார்த்தைய கொண்டு வந்தாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் மேல கருப்பினப் பெண்கள் போட்ட கேஸ்தான் அவங்க எடுத்த உதாரணம். பொம்பளைங்கள வேலைக்கு எடுத்திருக்கோமேன்னு கம்பெனி காட்டுது, ஆனா அவங்க வெள்ளைக்காரிங்க. இனப் பாகுபாடுக்கும் பெண் பாகுபாடுக்கும் தனித்தனியா வாங்க, ரெண்டையும் சேத்து கேக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லுது. நடுவுல நிக்கிற கருப்பினப் பொண்ணு எந்த வரிசையிலயும் சேரல. இத கேட்டதும் எனக்கு நம்ம ஊர் நெனப்புதான் வந்துச்சு, ஜாதின்னு பேசினா பொம்பள இருக்கமாட்டா, பொம்பளன்னு பேசினா ஜாதி இருக்காது.

இந்த கோர்ஸ்ல உருப்படியான விஷயம்னா கப்பல் பட்டியல் அசைன்மென்ட்தான். 1860 நவம்பர் 16-ம் தேதி மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் டர்பன்ல வந்து நின்னதுலேர்ந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா ஒன்றரை லட்சம் பேர் வந்தாங்க. நம்பர், பேர், அப்பன் பேர், வயசு, ஜாதி, ஜில்லா, கிராமம், எல்லாத்தையும் பதிவேட்டுல எழுதி வச்சிருக்கான் வெள்ளைக்காரன். 100 ஆம்பளைக்கு 40 பொம்பளன்னு கணக்கு போட்டு ஏத்தியிருக்காங்க. ஆம்பளைக்கு மாசம் 10 ஷில்லிங், பொம்பளைக்கு அதுல பாதி. லெக்சரர் ஒரே ஒரு வரிய எடுத்துக் குடுத்து, "இதுல எழுதாம விட்டது என்ன, 2 பக்கம் எழுது"ன்னாங்க. எனக்கு வந்த வரி தனியா வந்த ஒரு பொண்ணு, வயசு இருபதுக்குள்ள. புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. நான் எழுதி முடிக்கிறப்ப ராத்திரி 2 மணி.

அடுத்தது கல்யாணச் சட்டம். 1913 மார்ச்ல கேப் மாகாணத்துல செர்ல்னு ஒரு ஜட்ஜ், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு பண்ணாத கல்யாணம் செல்லாதுன்னுட்டார். ராத்திரியோட ராத்திரியா அத்தன பேர் பொண்டாட்டியும் வைப்பாட்டின்னு ஆயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம பொம்பளைங்க இங்க காந்தி நடத்தின சத்தியாகிரகத்துல குதிச்சாங்க. தில்லையாடி வள்ளியம்மைய சுதந்திரத்துக்காக செத்த பொண்ணுன்னு மட்டும் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. மாரிட்ஸ்பர்க் ஜெயில்ல காய்ச்சல் புடிச்சு, வெளிய வந்து 1914 பிப்ரவரி 22-ல சாகுறப்ப அவளுக்கு வயசு 16. ஒப்பந்தம் முடிஞ்சும் இங்கயே தங்கினவங்க மேல போட்ட தலைக்கு 3 பவுண்ட் வரியோட இந்தக் கல்யாணப் பிரச்சனையும் சேந்துதான் அவ ஜெயிலுக்குப் போனான்னு கடல் தாண்டி வந்து ஃபீஸ் கட்டித்தான் எனக்குத் தெரியணும்னு இருந்திருக்கு.

இத வீட்ல சாப்பிடுறப்ப சொல்லிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரரோட பெரிமா (இங்க பெரியம்மாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க) கையில ரொட்டியோட அப்படியே நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு 1974-ல கோயில்ல தாலி கட்டினதோட சரி, பதிவே பண்ணல. இன்னைக்கும் இங்க வெறும் தாலி கட்டினா சட்டப்படி கல்யாணம் ஆகாது, பதிவு அதிகாரி கையெழுத்து வேணும். புருஷன் உயில் எழுதாம போயிட்டா அப்படிப்பட்ட மனைவிக்கும் சொத்துல பங்கு உண்டுன்னு 2008-ல டர்பன் ஹைகோர்ட் சொல்லியிருக்குன்னேன். "2008 வரைக்கும் நான் என்னவா இருந்தேன் மா?"ன்னாங்க. அவங்க வீட்டுக்காரர், மாமா, டிவி சத்தத்த கூட்டி வச்சாரு.

செக்சுவாலிட்டி பாடத்துக்கு 6 வாரம், நல்லாவே நடத்தினாங்க. பாலின ஈர்ப்ப வச்சு பாகுபாடு கூடாதுன்னு உலகத்துலயே முதல்ல அரசியல் சட்டத்துல எழுதின நாடு இதுதான், 2006-லயே ஒரே பாலினக் கல்யாணமும் சட்டம் ஆயிடுச்சு. ஆனா எங்க பாஷையில இதுக்கு இருக்கிற சொல்லு எல்லாமே வசவுதான்னு ஒரு ஜூலு பொண்ணு சொன்னா. நான் திருநங்கை, திருநம்பின்னு போர்டுல எழுதி, 2008-ல தமிழ்நாட்டுல தனி நல வாரியமே வந்துச்சுன்னு பெருமையா சொன்னேன். "அப்போ தெருவுல அப்படித்தான் கூப்பிடுறாங்களா?"ன்னு கேட்டா. வாய மூடிக்கிட்டு வந்து உக்காந்தேன்.

இப்ப திட்டு. ஆய்வுக்கட்டுரைக்கு கைடுன்னு போட்டவங்க 3 மாசம் ஒரு ஈமெயிலுக்கும் பதில் போடல, கடைசி வாரத்துல வந்து தலைப்ப மாத்துன்னாங்க. கிளாஸ் சாயங்காலம் 5-லேர்ந்து 8, வெளிய வந்தா பார்க்கிங்ல லைட் எரியாது, பெண்கள் பாதுகாப்பு பத்தி 3 மணி நேரம் பேசிட்டு கார் சாவிய விரலுக்கு நடுவுல புடிச்சிக்கிட்டு ஓடணும். அப்புறம் இந்தியப் பெண்கள் பத்தி மொத்த கோர்ஸ்லயும் 2 வாரம்தான். அஜெண்டான்னு பெண்ணிய இதழ் 1987-ல இதே டர்பன்லதான் ஆரம்பிச்சாங்க. இங்க கிளேர்வுட்ல பஸ் டிரைவர் மகளா பொறந்த தமிழ்ப் பொண்ணு நவி பிள்ளை, பாலியல் வன்முறையும் இனப்படுகொலைதான்னு 1998-ல ருவாண்டா இனப்படுகொலை வழக்குல தீர்ப்பு சொன்ன நீதிபதிகள்ல ஒருத்தங்க. அவங்க பேர் பாடத்துல ஒரு அடிக்குறிப்புல கிடக்கு. ஒன்றரை ஸ்டார் கொறஞ்சது இதுக்கெல்லாம்தான்.

வேலை கிடைக்குமான்னு கேக்குறவங்களுக்கு: நேரா கிடைக்காது. என்ஜிஓ, ஹெச்ஆர், டீச்சிங்ல இருக்கிறவங்களுக்கு உதவும். இங்கிலீஷ்ல நீளமா எழுத வராதவங்க முதல்ல ஒரு பாடம் மட்டும் எடுத்துப் பாருங்க.

பெரிமா வர செவ்வாய்க்கிழமை பதிவு பண்ணப் போறாங்க, கார் ஓட்டுறது நான். மாமா இன்னும் வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல, நேத்து சட்டைய மட்டும் இஸ்திரிக்குக் குடுத்திருக்காரு.