காயில் கட்டித் தருவதாகச் சொல்லி மோட்டாரையே எடுத்துவிட்டார்கள்: பழைய கரண்ட் கடிகாரம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நீலகிரிப் பக்கம் வீட்டில் பழைய கரண்ட் கடிகாரம் வைத்திருப்பவர்கள், அதை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஊட்டியில் ஒரு கடையில், மோட்டாருக்குப் புதுக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, கட்டித் தருவதாக என்னிடம் 4,800 ரூபாய் வாங்கினார்கள். கட்டவில்லை. மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, உள்ளே பென்சில் செல் போடுகிற குவார்ட்ஸ் மெஷின் ஒன்றை ஒட்டி, கரண்ட் வயரையும் சும்மா தொங்கவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புகார் போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. செய்த விதத்தைச் சொல்கிறேன், அது தெரிந்தால் போதும்.

கடிகாரம் ஸ்மித் செக்ட்ரிக். இங்கிலாந்தில் செய்தது, கறுப்புப் பேக்கலைட் (பழைய காலக் கெட்டிப் பிளாஸ்டிக்) உடம்பு. அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தார். பங்களாவின் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் மலையில் பரவ ஆரம்பித்த பிறகு இந்த மாதிரிக் கடிகாரங்கள் பங்களாக்களுக்கு வந்து சேர்ந்தன. ஸ்மித், ஃபெரான்டி, டெம்கோ, மெட்டாமெக் என்று இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கும். பின்பக்கம் 200-250 வோல்ட், 50 சைக்கிள் என்று அச்சடித்திருக்கும். அப்போது ஹெர்ட்ஸை சைக்கிள் என்றுதான் சொல்வார்கள்.

ஏமாற்று வேலை புரிய வேண்டுமானால் இது எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். சாவி கிடையாது, ஊசல் கிடையாது. நேரத்தைக் காப்பது வீட்டுக்கு வரும் கரண்டேதான். ஏசி கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது அல்லவா, அந்தத் தாளத்தோடு பூட்டிக்கொண்டு உள்ளே ஒரு சின்ன ரோட்டார் சுற்றும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து முள்களுக்குக் கொடுக்கும். இதற்குத்தான் சிங்க்ரனஸ் மோட்டார் என்று பெயர். வோல்டேஜ் 200க்கு இறங்கினாலும் 250க்கு ஏறினாலும் நேரம் மாறாது. ஃப்ரீக்வன்சி, அதாவது நொடிக்கு 50 முறை என்ற அந்த எண்ணிக்கை, மாறினால் மட்டும்தான் மாறும். ஒரு நாள் முழுக்க 49.5ல் நின்றால் சுமார் 14 நிமிஷம் பின்தங்கும். ஒரு காலத்தில் நம் ஊரில் இது சகஜம். 2013 கடைசியில் தென் மாநில மின்தொகுப்பை நாட்டின் மற்றப் பகுதிகளின் தொகுப்போடு இணைத்த பிறகு ஃப்ரீக்வன்சி இப்போது 50ஐ ஒட்டியே நிற்கிறது.

இன்னொரு விஷயம். என்னுடைய கடிகாரம் தானாகக் கிளம்பாது. கரண்ட் கொடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் குமிழைச் சுழற்றிவிட வேண்டும். அப்போதுதான் ரோட்டார் தாளத்தைப் பிடிக்கும். இது குறை இல்லை, வேண்டுமென்றே செய்தது. கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுகிற கடிகாரம் தப்பு நேரத்தைக் காட்டிக்கொண்டே ஓடும். நின்றே கிடந்தால் முள்ளைச் சரிசெய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். அமெரிக்க டெலிக்ரான் கடிகாரங்கள் தானாகக் கிளம்பும். அதனால்தான் அவர்கள் முகப்பில் ஒரு சின்ன சிவப்புப் புள்ளியை வைத்தார்கள், நடுவில் கரண்ட் போனது என்று காட்ட.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரிலே காயில்களோடு பழகிய கை. கடிகாரம் நின்றதும் மல்டிமீட்டரை எடுத்து பிளக்கின் இரண்டு பின்னுக்கும் வைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்தால் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. வயரைத் தனியாகப் பார்த்தேன், அது நன்றாக இருந்தது. அப்படியென்றால் காயில் எங்கேயோ அறுந்திருக்கிறது. இந்தக் காயில் கம்பி தலைமுடியை விட மெல்லியது, ஆயிரக்கணக்கில் சுற்று. மலை ஈரத்தில் கம்பி பச்சை பிடித்து அறுந்துபோவது வழக்கம்தான், அதுவும் ஓடாமல் பெட்டிக்குள் கிடந்த கடிகாரம் என்றால் சொல்லவே வேண்டாம். ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு மூன்று வாட் சூடே காயிலை உலர்வாக வைத்திருக்கும்.

கடையில் கொடுக்கும்போதே சொன்னேன்: “தம்பி, முதல்ல காயில் நுனியில சால்டர் வெச்ச இடத்தைப் பாருங்க. பெரும்பாலும் அங்கதான் அறுந்திருக்கும். ஒட்டினாலே ஓடிடும். முடியலைன்னா மட்டும் புதுசா கட்டுங்க.”

அவர் அடுத்த வாரமே போன் செய்தார். “அக்கா, உள்ள மொத்தமா கருகிப்போச்சுங்க்கா. கோயமுத்தூர் அனுப்பித்தான் கட்டணும்.” கருகிய காயிலைக் காட்டச் சொன்னேன். அனுப்பியாகிவிட்டது என்றார். சரி, வேலை முடிந்ததும் பழைய காயிலையும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன். தலையாட்டல் போனில் தெரியாது, ஆனால் “கட்டாயம்ங்க்கா” என்றது ஞாபகம் இருக்கிறது.

வாங்கப் போனபோது கடிகாரம் மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது. பிளக் போர்டில் செருகியிருந்தது, ஸ்விட்ச் போட்டிருந்தது. நொடி முள் பழையபடி வழுக்கிக்கொண்டே போனது, டிக் டிக் என்று குதிக்கவில்லை. அதைப் பார்த்ததும் கரண்ட் மோட்டார்தான் என்று யாரும் நினைப்பார்கள். வழுக்கி ஓடும் நொடி முள்ளோடு குவார்ட்ஸ் மெஷினும் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

குமிழைத் தொடப் போனேன். உடனே தடுத்தார். “அதைத் திருப்பாதீங்க்கா, செல்ஃப் ஸ்டார்ட்டா மாத்திட்டோம். இனிமே பிளக் போட்டா தானா ஓடும்.” எனக்கு அங்கேயே உறுத்தியது. தானாகக் கிளம்ப வேண்டுமானால் மோட்டாரின் அமைப்பே வேறாக இருக்க வேண்டும். ஒரு வகையில் இரும்புத் துருவத்தின் ஒரு பகுதியைச் சுற்றிச் செம்பு வளையம் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் காந்தப்புலம் சற்றுப் பின்தங்கி வந்து ரோட்டாரைத் தள்ளிவிடும். காயிலைப் புதிதாகக் கட்டினால் அதெல்லாம் முளைக்காது. கேட்டேன். “புது டெக்னிக்குங்க்கா” என்றார். பழைய காயில்? “கோயமுத்தூர்லயே விட்டுட்டாங்க.” பின்மூடியின் திருகு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: பிரித்தால் வாரண்டி கிடையாது. பில்லில் ‘கிளாக் சர்வீஸ்’ என்று ஒரே வரி. காயில் என்றோ மோட்டார் என்றோ ஒரு வார்த்தை எழுதச் சொன்னதற்கு, எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு மணி முள்ளும் நிமிஷ முள்ளும் ஒத்துப்போகவில்லை. நிமிஷ முள் பன்னிரண்டில் நிற்கும்போது மணி முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கும். போன் செய்தால், “உங்க ஊர்ல லோ வோல்டேஜுங்க்கா, அதான் முள்ளு ஸ்லோவாகுது” என்கிறார். மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய புளுகு என்று புரியும். வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் இந்த மோட்டார் நின்றுபோகும், மெதுவாக ஓடாது. அதிலும் ஒரு முள் மட்டும் தனியாக எப்படி ஸ்லோ ஆகும்?

அப்புறம் ஒரு மழை நாளில் எங்கேயோ லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போனது. கோத்தகிரியில் இது செய்தியே இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி மீட்டரை வைத்தேன். பிளக்கின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஒன்றுமே காட்டவில்லை. கொடுப்பதற்கு முன் என்ன இருந்ததோ, 4,800 ரூபாய்க்குப் பிறகும் அதே. ஸ்டிக்கரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, வீடியோ ஓட விட்டுப் பிரித்தேன். மோட்டார் இருந்த இடத்தில் உள்ளங்கையில் பாதி அளவு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒரு செல். கரண்ட் வயர் ஓட்டை வழியாக உள்ளே வந்து இரண்டு அங்குலத்தில் வெட்டப்பட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றிக் கிடந்தது. பிளக்கைச் செருகினால் அந்த டேப்புக்குள் 230 வோல்ட் நிற்கும்! குமிழ் வெறும் குமிழ்தான், ஃபெவிக்விக் போட்டு மூடியில் ஒட்டியிருந்தார்கள், அதனால்தான் திருப்ப விடவில்லை. பழைய முள்களின் துளை புது மெஷினின் தண்டுக்குச் சேராது. அரத்தால் ராவிப் பெரிதாக்கிப் பசை வைத்திருந்தார்கள். மணி முள் வழுக்கியதற்குக் காரணம் அதுதான். பின்தகட்டில் மோட்டார் உட்கார்ந்திருந்த தூண்களையும் அறுத்திருந்தார்கள். பணத்தை விட எனக்கு வயிறு எரிந்தது இதைப் பார்த்துத்தான். பணம் திரும்ப வரலாம், அறுத்த தூண் வருமா?

கடைக்குப் போய் வீடியோவைக் காட்டினேன். முதலில் கோயமுத்தூர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். கோயமுத்தூர்க்காரர் நம்பரைக் கேட்டேன், இல்லை. பிறகு, “இந்த மோட்டாரெல்லாம் இனிமே ஓடாதுங்க்கா, உங்க நல்லதுக்குத்தான் செல் மெஷின் வெச்சோம்” என்றார். வைக்கட்டும். அதைச் சொல்லி, அதற்குரிய விலையை வாங்கி, மோட்டாரைத் திருப்பிக் கொடுத்திருந்தால் நான் ஏன் பேசப் போகிறேன்? என் மோட்டார் எங்கே என்றால், காயலான் கடைக்குப் போயிருக்கும் என்கிறார்.

எழுத்தில் கேட்டு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிய பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். பணத்தில் பாதியும் ஒரு மோட்டாரும் கொடுத்தார். “இந்தாங்க்கா உங்க மோட்டார்.” அது என்னுடையது இல்லை. 110 வோல்ட், 60 சைக்கிள் என்று அதிலேயே போட்டிருக்கிறது, அமெரிக்கச் சரக்கு. 230ல் நேராகக் கொடுத்தால் கருகிவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்தாலும் 60க்குச் செய்தது 50ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். “மோட்டார்னா மோட்டார்தானேங்க்கா” என்றார். யாரோ ஒருவர் அந்த மோட்டாரை அங்கே பறிகொடுத்திருக்கிறார் என்றும் எனக்குப் படுகிறது. இதைப் படிப்பவர்களில் அவர் இருந்தால் தொடர்பு கொள்ளுங்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து மோட்டாரையும், அதில் உள்ள எழுத்துகளையும் போட்டோ எடுங்கள். பிளக்கைச் செருகிவிட்டுத் திறக்காதீர்கள், உள்ளே கரண்ட் பாயும் இடங்கள் மூடாமல் இருக்கும். துணி சுற்றிய பழைய ரப்பர் வயர் தொட்டாலே உதிரும், அதை எப்படியும் மாற்றச் சொல்லுங்கள். பம்பு செட், மிக்ஸி மோட்டார் கட்டுகிற கடையில் இவ்வளவு மெல்லிய கம்பி பெரும்பாலும் கட்ட மாட்டார்கள். எங்கே கட்டுகிறார்கள், பழைய காயில் திரும்ப வருமா என்று கேளுங்கள். குமிழைச் சுழற்றிவிட்ட பிறகும் உம்ம் என்று சத்தம் மட்டும் வந்து சுற்றவில்லை என்றால் காயில் அறுந்திருக்காது. பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகி ரோட்டார் இறுகியிருக்கும், அதற்குச் சுத்தம் செய்து கடிகார எண்ணெய் ஒரு துளி வைத்தால் போதும், யாராவது ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) என்றால் வெளியே வந்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும், நம் ஊரில் பாட்டிலோடு உறைந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறோம், கடிகாரத்துக்குள் மட்டும் உருகியா நிற்கும்?

திரும்ப வாங்கும்போது கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அந்தக் கணமே முள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காசு கொடுக்காதீர்கள். ஓடும்போது கையை வைத்தால் லேசான அதிர்வும், ஒரு மணி நேரம் கழித்து இளஞ்சூடும் தெரிய வேண்டும். பில்லில் ‘மோட்டார் காயில் ரீவைண்டிங்’ என்று எழுதாமல் நகராதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. நான் மீதிப் பணத்துக்கும் மோட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய சாமான் வாங்கி விற்பவர்கள், கடிகார உதிரிபாகம் சேர்ப்பவர்கள் கண்ணில் ஒரு ஸ்மித் செக்ட்ரிக் மோட்டார் படலாம். காயில் சுற்றியிருக்கும் பாபின் உருளை மேல் மஞ்சள் துணி நாடா, இரும்புத் தகட்டின் ஓரத்தில் ஆணியால் கீறிய ‘பங்களா 2’ என்ற எழுத்து, அப்பா கீறியது. காயில் அறுந்தே இருந்தாலும் பரவாயில்லை, கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.